காவிப் பல்லும் சொத்தைப் பல்லும்: தருமபுரி, கிருஷ்ணகிரிக் குழந்தைகளின் பால்பற்கள்

வெளியூரில் வாய் திறந்து சிரித்தால் போதும், "தருமபுரிப் பக்கமா?" என்று கேட்டுவிடுவார்கள். இந்த வட்டாரத்தில் பலர் சலித்துப்போன பழைய கேலி இது. பல்லில் ஏறிய காவி நிறம்தான் அடையாளம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் வரும் கறை என்று இன்று பள்ளிப் பிள்ளைகளே காரணம் சொல்வார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்திருப்பதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பல் பழுப்பாக இருப்பது இங்கே சாதாரணம். அதனால் இரண்டு வயதுக் குழந்தையின் மேல் முன்பற்களில் பழுப்பு தெரிந்தாலும் "நம்மூர்த் தண்ணி வாகு" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த வயதில் அந்த இடத்தில் வரும் பழுப்புக்குப் பெரும்பாலும் தண்ணீர் காரணமாக இருப்பதில்லை. அது சொத்தை. கண்ணுக்கு எதிரே இருந்தும் ஊர்க்கறையோடு ஊர்க்கறையாக மறைந்துவிடுகிறது. மாவும் வெல்லமும் ராத்திரிப் பாலும் மற்ற மாவட்டங்களிலும்தான் பல்லைக் கெடுக்கின்றன. இந்த இரண்டு மாவட்டங்களில் அவற்றோடு இந்தக் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது.

ஃபுளோரைடு கறை பல் ஈறுக்குள் உருவாகும்போதே படிவது. நிலைப்பற்களின் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேல் உறை, பிறந்ததிலிருந்து ஏழெட்டு வயதுவரை உருவாகிறது. அந்தக் காலத்தில் அளவுக்கு மீறிய ஃபுளோரைடு உடம்புக்குள் போனால் எனாமல் சரியாக இறுகுவதில்லை. அந்தப் பல் வெளியே வரும்போது வெள்ளைக் கோடுகளோடும் திட்டுகளோடும் வரும், பிறகு அவற்றில் பழுப்பு ஏறும். ஆகவே கறை கண்ணில் படுவது ஆறேழு வயதில்தான். பால்பல்லின் கதை வேறு. முன்பால்பற்களின் எனாமலில் பெரும்பகுதி தாயின் வயிற்றுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் பால்பற்களிலும் கறை வருவதுண்டு. ஆனால் அது கடைசியாக உருவாகும் பின் கடைவாய்ப் பால்பற்களில்தான் அதிகம் தெரியும், முன்பற்களில் குறைவு.

பார்த்தே ஓரளவு பிரித்தறியலாம். குழந்தையின் மேல் உதட்டை விரலால் தூக்கி, பல்லை ஒரு துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஈறை ஒட்டிய ஓரத்தில் பளபளப்பு போய், சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலான வெள்ளைப் பட்டை இருந்தால் அது சொத்தையின் முதல் அடையாளம். அடுத்த கட்டத்தில் அது மஞ்சளாகி, பழுப்பாகி, குழியாகும், தொட்டால் மெதுவாக இருக்கும். ஃபுளோரைடு கறை பெரும்பாலும் இடதும் வலதுமாக ஜோடிப் பற்களில் ஒன்றுபோலப் பரவியிருக்கும். ஈறு ஓரத்தில் மட்டும் ஒதுங்கி நிற்காது. இரும்புச்சத்து சொட்டு மருந்து கொடுக்கும் குழந்தைகளின் பல்லில் கருப்பாக ஒன்று படியும், அது மேலே ஒட்டிய சாயம்தான், மருத்துவர் சுரண்டினால் வந்துவிடும். இந்த மூன்றையும் ஒரே பெயரில் "கறை" என்று கூப்பிடுவதால்தான் முதல் ஆறு மாதம் வீணாகிறது. வெள்ளைப் பட்டையாக இருக்கும்வரை சொத்தையைத் திருப்பிவிடலாம் என்பதால் அந்த ஆறு மாதம் முக்கியம்.

பல் மருத்துவத்தில் இதற்கென்று தனிப் பெயரும் வரையறையும் உண்டு. ஆறு வயது நிரம்பாத குழந்தையின் பால்பற்களில் ஒன்றாவது சொத்தையாகியிருந்தாலோ, சொத்தையால் விழுந்திருந்தாலோ, அடைக்கப்பட்டிருந்தாலோ அது குழந்தைப் பருவ முன்சொத்தை. மூன்று வயதுக்குள் என்றால் பல்லின் வழவழப்பான பக்கத்தில் சிறு அடையாளம் இருந்தாலே அதைத் தீவிர வகையில் சேர்க்கிறார்கள். இந்திய அளவில் 2002-03 இல் நடந்த தேசிய வாய்நல ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. உலகம் முழுவதும் பால்பல் சொத்தையோடு இருக்கும் குழந்தைகள் 51 கோடிக்கு மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை. அரிய நோய் என்று யாரும் சொல்ல முடியாது.

நோய் வரும் விதம் எளிது. வாயில் வாழும் சில பாக்டீரியாக்கள், முக்கியமாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. பல்லின் மேல் உள்ள படலத்தில் அமிலக் குறியீடு (pH, இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலில் இருந்து தாது கரையத் தொடங்குகிறது. பிறகு உமிழ்நீர் வந்து அமிலத்தைத் தணித்து, கரைந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திருப்பி வைக்கிறது. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் அமிலம் உச்சத்துக்குப் போய், பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரம் அளவுக்கு ஆகிறது என்பதை 1940களிலேயே ஸ்டீபன் என்ற ஆய்வாளர் அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார். கிணற்று மோட்டாரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் தண்ணீர் ஊறிக்கொள்ளும், விடாமல் ஓட்டினால் கிணறு வறண்டுவிடும். பல்லும் அப்படித்தான். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே பெரிய கேள்வி. ஒரே மூச்சில் ஒரு லட்டு தின்ற குழந்தையைவிட, ஒரு பிஸ்கட்டை மதியம் முழுக்கக் கையில் வைத்துச் சப்பிய குழந்தையின் பல் அதிக நேரம் அமிலத்தில் ஊறுகிறது.

பால்பல்லின் எனாமல் நிலைப்பல்லில் இருப்பதில் பாதி தடிமன்தான். அதனால் பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் நடப்பது குழந்தைக்குச் சில மாதங்களில் நடந்து முடிகிறது. முதலில் அடிபடுவது மேல் முன்பற்கள் நான்கும். கீழ் முன்பற்களை நாக்கும், நாக்கடியில் சுரக்கும் உமிழ்நீரும் காக்கின்றன. மேல் நான்கும் கரைந்து கட்டையாகி, கீழ் நான்கும் முத்துப்போல இருக்கும் குழந்தையைப் பார்த்தால் ராத்திரிப் பாட்டிலைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்காது. பெரும்பாலும் அதுதான் காரணம்.

இரவில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும், விழுங்குவதும் அரிதாகும். பாட்டில் வாயிலேயே இருக்க, பால் மேல் பற்களைச் சுற்றித் தேங்கும். வெறும் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் மெதுவாகத்தான் அமிலமாகும். ஆனால் இங்கே பாட்டிலுக்குள் போவது வெறும் பாலாக இருப்பது அபூர்வம். சர்க்கரை, கல்கண்டு, மால்ட் பவுடர், சில வீடுகளில் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் பிஸ்கட்டையே பாலில் கரைத்து அடைத்தது. சூப்பானைத் தேனில் தோய்த்துக் கொடுப்பதும் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது என்பதற்குப் பல்லைத் தவிர வேறு காரணமும் இருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, குழந்தையின் குடலில் வளர்ந்து பக்கவாதம்போல் தசையைத் தளர்த்திவிடும்.

பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைப்பதைப் பலரும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். பல்லே இல்லாத வாயில் சர்க்கரைத் தண்ணீர் சொத்தையை உண்டாக்காது. அதைத் தவிர்க்கச் சொல்வதற்கு நோய்த்தொற்று உட்பட வேறு காரணங்கள் உண்டு, பல்லை அதில் இழுப்பது தேவையில்லை.

தாய்ப்பாலைப் பற்றி வரும் கேள்விக்குப் பதில் கவனமாகச் சொல்ல வேண்டியது. ஒரு வயதுவரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குச் சொத்தை குறைவு என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வயதுக்குப் பிறகு, பல் முளைத்த பின்னும், இரவு முழுக்க விருப்பம்போல் குடித்துக்கொண்டே தூங்கும் குழந்தைகளுக்கு ஆபத்து கூடுகிறது. பகலில் இனிப்புப் பண்டமும் சேர்ந்தால் இன்னும் கூடும். இதைக் கேட்டதும் "பாலை நிறுத்திடுங்க" என்று சொல்பவர்கள் அவசரக்காரர்கள். இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்துக் குறைவு இன்னும் தீராத ஊர்களில் அந்தப் பாலுக்கு மாற்று இல்லை. படுக்கும் முன் பல்லைத் தேய்த்துவிட்டு, ஒன்றரை வயதுக்கு மேல் இரவுப் பாலின் தடவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே நடக்கக்கூடிய வழி.

இனி பகல். கேழ்வரகு விளையும் மண் இது. களியும் கீரைக் குழம்பும், களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த தலைமுறைக்குச் சொத்தை குறைவாக இருந்ததில் ஆச்சரியமில்லை. களியில் இனிப்பு கிடையாது, வேளைக்கு வேளைதான் சாப்பிட்டார்கள். இன்று குழந்தைக்குப் போகும் கேழ்வரகு களியாகப் போவதில்லை, இனிப்புக் கஞ்சியாகப் போகிறது. சர்க்கரை கெடுதல் என்று படித்த தாய்மார்கள் அதில் வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ பனங்கற்கண்டோ போடுகிறார்கள். கரும்பும் வெல்லமும் இந்த மாவட்டங்களுக்குப் புதிதல்ல. பாலக்கோட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலையே இருக்கிறது. ஆனால் பாக்டீரியாவுக்கு வெள்ளைச் சர்க்கரையும் வெல்லமும் ஒன்றுதான், இரண்டிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ். பால்வாடியில் கொடுக்கும் சத்துமாவிலும் வெல்லம் உண்டு. அதை உருண்டையாக வேளை உணவாகக் கொடுத்து, பிறகு தண்ணீர் குடிக்கவைத்தால் பெரிய கெடுதல் இல்லை. சத்துக் கணக்கில் அது தேவைப்படும் குழந்தைகள் இங்கே ஏராளம், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. நாள் முழுக்க விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தால்தான் வம்பு.

டீ அடுத்தது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு டீத்தண்ணி கொடுப்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. அதில் வர்க்கியோ பன்னோ பொறையோ நனைத்து ஊட்டுவார்கள். டீயின் சர்க்கரையும் பன்னின் மாவும் சேர்ந்து பிசினாகிக் கடைவாய்ப்பல்லின் பள்ளங்களில் அடைந்துகொள்ளும். கோடையில் மாம்பழம். கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகள் ஊரறிந்தவை. முழுப் பழமாகத் தின்னும் குழந்தையைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. பாக்கெட்டில் வரும் மாம்பழ பானத்தை ஸ்ட்ரா போட்டு ஒரு மணி நேரம் உறிஞ்சினால் அது வேறு கணக்கு.

மருந்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். சளி, இருமல், காய்ச்சல் சிரப்புகள் பலவற்றில் சர்க்கரை இருக்கிறது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு வாரக்கணக்கில் போகிறது, அதுவும் படுக்கும் நேரத்தில். மருந்து கொடுத்ததும் இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்தாலே போதும். யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

யார் வளர்க்கிறார்கள் என்பதும் ஓர் ஆபத்துக் காரணிதான், அதைப் பற்றி மருத்துவத் துண்டறிக்கைகள் பேசுவதில்லை. பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கங்களில் இருந்து பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனி வேலைக்கும் போகும் பெற்றோர்கள் நிறையப் பேர். குழந்தை தாத்தா பாட்டியிடம். ஓசூரில் சிப்காட் ஆலைகளில் ஷிப்டு வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளும் பகலில் இன்னொருவர் கையில். பிரிந்திருக்கும் பேரப்பிள்ளையின் அழுகைக்கு அஞ்சு ரூபாய்ப் பாக்கெட்டைவிட வேகமான மருந்து பாட்டிக்குக் கிடையாது. போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போன தாத்தா வெறுங்கையோடு திரும்பினால் அன்றைக்கு வீட்டில் சண்டை. இதை அறியாமை என்று சொல்வது அநியாயம். வேலைக்குப் போன அம்மா வாங்கிக் கொடுக்க முடியாத பாசத்தை வீட்டில் இருப்பவர்கள் மிட்டாயாக வாங்கிக் கொடுக்கிறார்கள். மிட்டாயை நிறுத்தச் சொல்வதைவிட, "சோத்தோட சேத்துக் குடுங்க, நடுவுல வேணாம்" என்று சொன்னால் பாட்டிமார் கேட்கிறார்கள். வேளை உணவோடு சேரும்போது உமிழ்நீர் ஏற்கெனவே நன்றாகச் சுரந்துகொண்டிருக்கும்.

பல் தேய்ப்பதும் இங்கேதான் அறுந்துபோகிறது. மூன்று வயதிலேயே "தானாத் தேய்ச்சுக்கட்டும்" என்று பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், அல்லது பள்ளிக்கூடம் போகும்வரை தேய்ப்பதே இல்லை. ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவர் தேய்த்துவிட வேண்டும், அதற்கு முன் அந்தக் கைக்குப் பக்குவம் வராது. ஆறு மாதத்தில் முதல் பல் எட்டிப்பார்த்த நாளிலேயே இது தொடங்க வேண்டும். காலையில் தேய்க்காமல் விட்டாலும் ராத்திரி படுக்கும் முன் தேய்ப்பதை விடக் கூடாது. நம் வழக்கமோ தலைகீழ். சாம்பல், செங்கல் பொடி, உப்பு போன்றவை மெல்லிய பால்பல்லை உராய்ந்து தேய்த்துவிடும்.

தாயின் வாய் குழந்தையின் வாய்க்கு விதைநிலம். சொத்தைக் கிருமி பிறவியில் வருவதில்லை, பல் முளைத்த பிறகு பெரும்பாலும் வளர்ப்பவரின் எச்சில் வழியாகவே வந்து குடியேறுகிறது. மென்று ஊட்டுவது, ஒரே ஸ்பூன், கீழே விழுந்த சூப்பானைத் தன் வாயில் வைத்துச் சுத்தம் செய்து கொடுப்பது என்று வழிகள் பல. எச்சில் படாமல் வளர்க்க முடியாது, அதற்காகக் குழந்தையை முத்தமிடாதே என்று பயமுறுத்துவதில் அர்த்தமும் இல்லை. தாயின் சொத்தைகளை அடைத்துக் கிருமியின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் பயன் தரும். அதற்குக் கர்ப்ப காலம் நல்ல நேரம், நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பல் சிகிச்சை பாதுகாப்பானதே. "முழுகாம இருக்கறப்ப பல்லுல கை வெக்கக் கூடாது" என்ற பேச்சு அந்த நேரத்தையும் வீணாக்குகிறது.

கர்ப்பத்திலேயே தொடங்கும் இன்னொரு காரணமும் உண்டு. தாய்க்குச் சத்துக்குறைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, பிறந்த முதல் மாதங்களில் கடும் காய்ச்சல் ஆகிய எல்லாமே எனாமலைச் சரியாக உருவாகவிடாமல் குழியும் சொரசொரப்புமாக ஆக்கக்கூடும். அப்படிப் பிறந்த பல்லில் உணவு எளிதில் ஒட்டும், அமிலம் எளிதில் இறங்கும். இளவயதுத் திருமணம் இன்னும் ஓயாத பகுதிகளில் இதைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது.

இப்போது ஃபுளோரைடுக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் குழப்பம் உச்சத்தில் இருப்பது இங்கேதான்.

1901 இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு வந்த பிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், ஊர்க்காரர்களின் பற்களில் காவிக் கறையைப் பார்த்து வியந்தார். பல வருடம் துருவியபோது இன்னொன்றும் தெரிந்தது: கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவு. தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் காரணம் என்பது 1931 இல் உறுதியானது. அதன் பிறகு டிரெண்ட்லி டீன் என்பவர் பல ஊர்த் தண்ணீரையும் பிள்ளைகளின் பற்களையும் ஒப்பிட்டு, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் கறை அதிகம் வராமலே சொத்தை குறைகிறது என்று கண்டார். ஃபுளோரைடு பல்லைக் காக்கும் என்ற அறிவே, பார்க்கப்போனால், தருமபுரியைப்போன்ற ஓர் ஊரில் இருந்துதான் வந்தது.

அப்படியானால் இங்கே சொத்தையே இருக்கக் கூடாதே? ஃபுளோரைடு வேலை செய்வது பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பில்தான். உமிழ்நீரில் சிறிதளவு எப்போதும் இருந்தால் கரைந்த தாது திரும்பி ஏற உதவுகிறது. தண்ணீரில் அளவுக்கு மேல் இருந்தாலும், நாள் முழுக்க சர்க்கரை பட்டுக்கொண்டிருக்கும் வாயை அது காப்பாற்றாது. அதோடு ஃபுளோரைடு மிகுந்து வரும் பல் பாதிப்பான ஃபுளோரோசிஸ் கடுமையாகி, எனாமல் பொடிந்து பள்ளம் விழும்போது சொத்தைக்கு அதுவே வாசலாகிவிடுகிறது.

தண்ணீரும் மாறிவிட்டது. இந்தப் பாறை மண்ணில் ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப்போக, ஃபுளோரைடு கலந்த கனிமங்களை உரசிவரும் தண்ணீரே கிடைத்தது. இந்தியத் தர அமைப்பு குடிநீரில் ஏற்கும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. இரண்டு மாவட்டங்களிலும் பல கிணறுகள் இதைத் தாண்டியவை. அதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008 இல் அடிக்கல், 2013 இல் தொடக்கம். திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு இருக்கிறது. காவிரித் தண்ணீரில் ஃபுளோரைடு குறைவு. சில ஊர்களில் மேல்நிலைத் தொட்டியில் காவிரித் தண்ணீரோடு போர்வெல் தண்ணீரும் கலக்கிறது, கோடையில் இன்னும் அதிகம். ஓசூர், கிருஷ்ணகிரி நகரங்களில் கணிசமான வீடுகள் கேன் தண்ணீருக்கும் ஆர்.ஓ. வடிகட்டிக்கும் மாறிவிட்டன. ஆர்.ஓ. ஃபுளோரைடில் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது.

ஆக ஒரே மாவட்டத்தில் மூன்று வகைக் குழந்தைகள்: போர்வெல் தண்ணீர் குடிப்பவர்கள், காவிரித் தண்ணீர் குடிப்பவர்கள், ஆர்.ஓ. தண்ணீர் குடிப்பவர்கள். ஆனால் பயம் மட்டும் மூவருக்கும் ஒன்று. "நம்ம ஊர்ல ஃபுளோரைடு ஜாஸ்தி, அது இல்லாத பேஸ்ட்டே வாங்கு" என்பது முப்பது வருடத்துக்கு முந்தைய கிணற்றை வைத்துச் சொல்லப்படும் அறிவுரை. ஓசூர் அடுக்குமாடியில் கேன் தண்ணீர் குடித்து, ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்டில் தேய்த்து, மதியம் முழுக்க பிஸ்கட் சப்பும் குழந்தைக்கு எந்தப் பக்கத்திலும் காப்பு இல்லை. ஃபுளோரைடால் வரும் கறையும் அந்தக் குழந்தைக்கு வராது, ஃபுளோரைடு தரும் பாதுகாப்பும் கிடைக்காது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் பற்பசையில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்கு, அதாவது ஒரு கிராம் பேஸ்ட்டில் 1 மில்லிகிராமுக்கு, மேல் இருக்கக் கூடாது, அளவைக் குழாயில் அச்சிடவும் வேண்டும். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி மணி அளவு பேஸ்ட் போதும் என்பது குழந்தைப் பல் மருத்துவர்களின் வழிகாட்டல். அது ஏறத்தாழ 0.1 கிராம், அதில் இருக்கும் ஃபுளோரைடு 0.1 மில்லிகிராம். இரண்டு வேளையும் துப்பாமல் முழுங்கினாலும் 0.2. லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள போர்வெல் தண்ணீரை அதே குழந்தை சோறு, கஞ்சி, டீ எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டர் உட்கொண்டால் 2 மில்லிகிராம், பத்து மடங்கு. கறைக்குப் பயப்படுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சமையல் பாத்திரத்தைத்தான். மூன்றிலிருந்து ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு பேஸ்ட். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் பிதுக்கிக் காட்டுவது விற்பனைக்காக.

ஆகவே முதலில் தண்ணீரைத் தெரிந்துகொள்ள வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். 1.5ஐத் தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் தேட வேண்டும், ஆறு வயதுக்குள்ள குழந்தைக்கு எந்த பேஸ்ட் என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அளவு குறைவாக இருந்தால், அல்லது வீட்டில் ஆர்.ஓ. என்றால், ஃபுளோரைடு பேஸ்ட்டைத் தவிர்க்கக் காரணமே இல்லை.

இத்தனைக்கும் பிறகு வரும் வாக்கியம் ஒன்று உண்டு: "விழுந்து மொளைக்கிற பல்லுதான, உடுங்க." இருபது பால்பற்களில் முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், சரி. ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்தாக வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையான கடைவாய்ப்பல்லோடு குழந்தை இன்னும் ஏழெட்டு வருடம் மெல்ல வேண்டும். வலியில் ஒரு பக்கமாக மெல்லும், பிறகு மெல்லுவதைத் தவிர்த்துக் குழைந்த இனிப்புகளையே கேட்கும், எடை நிற்கும், ராத்திரித் தூக்கம் போகும். சீழ் பிடித்தால் முகம் வீங்கும், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லுக்கும் சேதம் வரலாம். பல்லை முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைக்க, நிலைப்பல் கோணலாக வரும். காதிலும் பல்லிலும் பூச்சி எடுப்பதாகச் சொல்லி ஊர் ஊராக வருபவர்கள் காட்டும் புழு அவர்கள் கையில் இருந்து வருவது, சொத்தையில் புழு கிடையாது.

சிகிச்சை என்றதும் பயப்படுவது மிஷின் சத்தத்துக்கும் செலவுக்கும். சின்னக் குழந்தைகளுக்கு எப்போதும் அது தேவைப்படுவதில்லை. வெள்ளைப் பட்டையாக இருக்கும்போது ஃபுளோரைடு வார்னிஷ் பூசினால் போதும். குழி விழுந்துவிட்டால், வெள்ளியும் ஃபுளோரைடும் கலந்த 38 சதவீதக் கரைசலை ஒரு சின்ன பிரஷ்ஷால் தடவிச் சொத்தையை அப்படியே நிறுத்தலாம், ஊசியோ மிஷினோ வேண்டாம். 2021 இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரு குறை, சொத்தை இருந்த இடம் கருத்துப்போகும். "பொம்பளப் புள்ள, முன்னாடி பல்லு கருப்பாயிட்டா..." என்று தயங்குபவர்களிடம், கடைவாய்ப்பல்லுக்கு மட்டுமாவது போடச் சொல்லலாம். முன்பல்லைப் பிறகு வெள்ளைப் பொருளால் மூடும் வழியும் இருக்கிறது.

பால்வாடிக் குழந்தைகளை வருடத்துக்கு இரண்டு முறை நடமாடும் மருத்துவக் குழு பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. அதன் பரிசோதனைப் பட்டியலில் பல்லும் உண்டு. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களுக்கு ஒரு பல் மருத்துவரை நெருங்கும் வழி பெரும்பாலும் இதுதான். குழு வரும் நாளில் குழந்தையை அனுப்பி, உதட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிக் கேட்பது பெற்றோர் கையில் இருக்கிறது. கேட்காவிட்டால் எடையும் உயரமும் பார்ப்பதோடு வரிசை நகர்ந்துவிடும்.

ஆறு வயதில் இன்னொரு பல் வருகிறது. பால்பல் எதுவும் விழாமல், கடைசிக் கடைவாய்ப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல் அது. எதுவும் விழவில்லை என்பதால் அதையும் பால்பல் என்றே பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். பால்பற்களில் சொத்தையை வளர்த்த அதே வாய்க்குள், ஆழமான பள்ளங்களோடு, இன்னும் முழுதாக இறுகாத எனாமலோடு அது வருகிறது. வந்து ஓரிரு வருடங்களில் அதிகமாகக் கெட்டுப்போகும் பல்லும் அதுதான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் வருடம் வாயைத் திறந்து மேலும் கீழும் ஒவ்வொரு பக்கமும் முன்னால் நடுவில் இருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்து, ஆறாவதாக ஒன்று இருந்தால், அதன் பள்ளங்களை அடைக்கும் பூச்சுக்குப் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரம் அது.